செக்கோவ் குடியின் கதை

அன்ரன் செக்கோவ் என்னும் உருசிய எழுத்தாளரை நம் நாட்டார் முற்றிலும் அயலாராக எண்ணுதல் வேண்டா. 1890ஆம் ஆண்டிலே, சகாலின் தீவுச் சிறைவாசிகளின் நிலையை ஆராய்ந்து கடல்வழியே ஊர் திரும்புங்கால், அவர் கொழும்பில் இறங்கிப் புகையிரதத்திற் கண்டிக்கும் சென்றுவந்தார். அவர்தம் கதைகளையும் நாடகங்களையும் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். நாம் இங்கு எடுத்துக்கொண்டது அவர் பிறந்த குடியின் வரலாறு; அது ஒரு பலசரக்குக் கடைக்காரரின் குடி.

அக்குடியின் வேரைத் தேடிச் செல்வோர், வொரோனெஷ் மாகாணத்து ஒல்கொவாத்கா என்னும் ஊரை அடைவர். செக்கோவின் பாட்டனார் எகோர், அங்கே செர்த்கோவ் என்னும் பிரபுவின் பண்ணையடிமையாக வாழ்ந்தவர். அக்காலத்து உருசியாவிற் பண்ணையடிமை என்பான் நிலத்தோடு கைமாறும் ஓர் உடைமை. எகோரோ எழுத்தறிவும் கணக்கறிவும் வாய்ந்தவர், கடுஞ்சிக்கனமும் உடையவர். பிரபுவின் சீனி ஆலையிற் பொறுப்பேற்று, சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்து, 1841இலே தம்மையும் மனைவியையும் புதல்வர் மூவரையும் விலைகொடுத்து மீட்டார். விலை 3,500 றூபிள் என்பது வழிவழிச் சொல்லப்பட்டு வரும் கணக்கு. மகளை மீட்கப் பணம் போதவில்லை. பிரபு அவளை இனாமாக விடுத்தாராம். உருசியாவிற் பண்ணையடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது 1861இலேதான் என்பதை நோக்க, அம்முதியவரின் முயற்சி எத்தகையதென்பது விளங்கும்.

விடுதலை பெற்ற புதல்வருள் ஒருவர் புத்தகங் கட்டும் தொழிலுக்குச் சென்றார். மற்றிருவரும் வணிகம் பயின்றனர். அவருள் ஒருவரான பாவெல், 1844இலே தகன்ரொக் என்னும் துறைமுகப் பட்டினத்திற் கொபிலின் என்னும் வணிகரிடம் கடைச் சிப்பந்தியாக அமர்ந்தார். 1854இலே புடைவை வணிகர் ஒருவரின் மகளான எவ்கேனியாவை மணந்து, 1857இலே தமக்கெனக் கடை திறந்தார். தேயிலை, சீனி, கோப்பி, எண்ணெய், மெழுகுதிரி என அங்கே இல்லாத பண்டமில்லை. பாவெலுக்கு வணிகத்தினும் தேவாலயப் பாடலிலேயே நாட்டம் மிகுதி. எண்ணெய்த் தாழியில் எலி வீழ்ந்திறந்தபோது, எண்ணெயை ஊற்றிவிட மனமின்றிக் குருவை அழைத்து மந்திரம் ஓதித் தூய்மை செய்வித்தாரென்றும், அச்செய்தி பரவவே ஊரார் எண்ணெய் வாங்குவதை விட்டனரென்றும் மூத்த மகன் அலெக்சாந்தர் எழுதிவைத்தார். மகன் கதை புனைபவராதலின் சற்று மிகைப்படுத்தியும் இருக்கலாம்! ஆயின் பாவெல் பிள்ளைகளைப் பிரம்பால் அடித்து வளர்த்தமையும், பனிக்காலத்து இரவுகளிலும் சிறுவன் அன்ரனைக் கடைகாக்க இருத்தியமையும் நகையாடற்குரியன அல்ல. பதினாறு வயதுவரை அடிமையாயிருந்தவர், ஆண்டான்மார் கைப்பிரம்பை மட்டும் தம் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார் என்றே எமக்குத் தோன்றுகின்றது.

இருப்புப்பாதை வந்தபின் வணிகம் ரொஸ்தோவ் நகருக்குப் பெயர்ந்தது. வீடு கட்டக் கடன்பட்டிருந்த பாவெல், 1876இலே கடன்காரருக்கு அஞ்சி மொஸ்கோவுக்கு ஓடினார். தகன்ரொக் நிலையத்திற் கண்டுவிடுவர் எனக் கருதி, அடுத்த சிறு தரிப்பிடத்திலேயே வண்டியேறினார். வீடோ, முன்பு அங்கே குடியிருந்த செலிவானொவ் என்பவர் கைக்குப் போயிற்று. பதினாறு வயதினரான அன்ரன் படிப்பை முடிப்பதற்காக அதே வீட்டின் ஒரு மூலையிலே தங்கி, புதிய உடைமையாளரின் மருமகனுக்குப் பாடஞ் சொல்லிக்கொடுத்தார். எஞ்சிய தட்டுமுட்டுகளை விற்று மொஸ்கோவுக்குப் பணம் அனுப்பியவரும் அவரே. 1879இலே தாமும் அங்கே சென்று மருத்துவம் பயின்றார். நகைச்சுவைத் தாள்களுக்குக் கதையெழுதிக் குடும்பத்தைத் தாங்கினார்.

1892இலே அவர், மொஸ்கோவுக்குத் தெற்கே மெலிகோவோ என்னும் பண்ணையை 13,000 றூபிளுக்கு, பெரும்பகுதி கடனாகவே, வாங்கினார். தப்பியோடிய கடைக்காரர் பாவெல் அங்கே பெருநிலக்கிழார்போல உலாவி, மழையையும் விருந்தினரையும் நாட்குறிப்பில் எழுதி, 1898இலே காலமானார்.

அன்ரன் இறந்த ஆண்டாகிய 1904இலேதான் அவருடைய செரிப்பழத் தோட்டம் என்னும் நாடகம் மொஸ்கோவில் முதன்முறை மேடையேறிற்று. அதிலே லொபாகின் என்னும் வணிகன், தன் தந்தையும் பாட்டனும் அடிமைகளாயிருந்த அதே பண்ணையை ஏலத்தில் எடுக்கின்றான். அவன் தந்தை கிராமத்திற் கடை வைத்திருந்தவன், மகனை அடித்தவன். இவ்வணிகனைக் கூச்சலிடும் அற்பனாக நடித்துவிடலாகாது, பண்புள்ளவனாகவே காட்டவேண்டும் என்பது ஆசிரியரின் விருப்பம். அப்பாத்திரத்தைத் தலைசிறந்த நடிகராகிய ஸ்தானிஸ்லாவ்ஸ்கியே ஏற்கவேண்டும் எனவும் அவர் விரும்பினார். ஸ்தானிஸ்லாவ்ஸ்கியோ பண்ணையை இழக்கும் பிரபுவின் பாத்திரத்தையே தெரிந்துகொண்டார்.