நரம்பின் கணக்கறிந்த அடிகளார்

வயலினில் வீணைக்குள்ளது போல மெட்டுக்கள் இல்லை. விரல் நூலளவு விலகினாலும் சுருதி போய்விடும். அதனால் சங்கீத அறையில் நாம் பட்ட பாட்டை எம்மோடு படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தந்தியை எங்கே அழுத்தினால் எந்தச் சுரம் பிறக்கும் என்று கணித்து ஒரு பெருநூலே எழுதியவர் எமது மண்ணின் விபுலானந்த அடிகளார். அவரைப் பற்றிப் பேச்சுப்போட்டிகளில் முழங்கிய நாம் இதை விளங்கிக்கொண்டது வெகுகாலம் கழித்தே.

1892இல் காரைதீவில் பிறந்த மயில்வாகனன், மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரியிலும் புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்தார். 1920இல் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியானார். மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராகவும் இருந்தார். 1924இல் சென்னையில் துறவு பூண்டு விபுலானந்தரானார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியர். பதவிகளை இவ்வளவில் நிறுத்துவோம்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் யாழைப் பற்றிச் சில அடிகள் வருகின்றன. யாழோ வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள். வாசிப்பவரும் இல்லை, கேட்டவரும் இல்லை. அந்த அடிகளுக்குப் பொருள் காண அடிகளார் தமிழோடு பௌதிகத்தையும் கணிதத்தையும் துணைக்கு அழைத்தார். நரம்பின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு அதிர்ந்தால் குரலுக்கு இளி பிறக்கும். அதாவது 'ச'வுக்குப் 'ப'. பாதி அதிர்ந்தால் மேல் 'ச'. இப்படி ஒவ்வொரு சுரமாக அளந்து, வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ் ஆகியவற்றின் அமைப்பை ஆராய்ந்தார். அவருடைய முடிவுகள் எல்லாவற்றையும் பின்வந்தோர் ஏற்றார்கள் என்றில்லை. எனினும் யாழைப் பேசுவோர் அவரைத் தாண்டிப் போக முடிவதில்லை.

பழந்தமிழில் தந்திக்கும் நரம்பு என்றே பெயர். மருத்துவம் படித்த எமக்கு அந்நூலின் 'இசைநரம்பியல்' என்ற தலைப்பு, முதலில் உடற்கூற்றுப் பாடம் போலவே தோன்றியது!

பேராசிரியப் பணி, பாடசாலைப் பொறுப்புகள், பத்திரிகை ஆசிரியம் என்பவற்றுக்கிடையே இந்த ஆராய்ச்சிக்குப் பதினான்கு ஆண்டுகள் வரை சென்றன. கடைசிக் காலத்தில் உடலும் ஒத்துழைக்கவில்லை. ஓய்வெடுத்திருந்தால் இன்னும் சில காலம் இருந்திருப்பார் என்று வைத்தியர் மனம் சொல்கிறது. அப்படியானால் நூல் முடிந்திருக்குமா என்று மாணவி மனம் கேட்கிறது.

1947 ஜூன் 5, 6ஆம் திகதிகளில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் 'யாழ்நூல்' அரங்கேறியது. அவர் கணித்தபடி செய்த யாழ்களும் அங்கே ஒலித்தன. ஆறு வாரங்களில், ஜூலை 19ஆம் திகதி, கொழும்பில் அடிகளார் மறைந்தார். வாவிக்கும் கடலுக்கும் இடையே, கல்லடி உப்போடையில், 1929இல் தாம் தொடக்கிய சிவானந்த வித்தியாலய வளவிலேயே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.