டயான் ஃபாசி அம்மையார்

பிற உயிர்களின் துன்பங்கண்டு இரங்குவோர் உலகிற் பலர். அத்துன்பத்தைக் களைவதற்கெனத் தம் வாழ்நாளையே ஈந்தோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் டயான் ஃபாசி அம்மையார். அவர் அமெரிக்க நாட்டிற் பிறந்தவர். ஆப்பிரிக்காவின் மழைமூடிய எரிமலைச் சாரலில் ஏறத்தாழ 18 ஆண்டுகள் உழைத்தவர். அழியும் நிலையிலிருந்த மலைக் கொரில்லாக்களைக் காப்பதையே தம் கடனாகக் கொண்டவர். அவ்வம்மையாரின் வரலாறு நாம் அறிந்து போற்றத்தக்கது.

இளமை

ஃபாசி அம்மையார் 1932-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 16-ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரிற் பிறந்தார். அவர் சிறுமியாக இருந்தபோதே பெற்றோர் பிரிந்தனர். தாய் மறுமணம் செய்துகொண்டார். மாற்றாந்தந்தையின் இல்லத்தில் டயானுக்கு வளர்க்கக் கிடைத்தது ஒரு தங்கமீனே. அஃது இறந்தபோது அவர் பல நாள் அழுதாராம். விலங்கு மருத்துவராக வேண்டும் என்னும் விருப்பத்தோடு கல்லூரியிற் சேர்ந்தார்; ஆனால் இயற்பியலும் வேதியியலும் அவருக்குக் கைகூடவில்லை. அதனால் மனந்தளராது வேறு துறையை நாடினார். உடற்குறையுற்றோர்க்குப் பயிற்சிகளின் வாயிலாக ஆற்றலை மீட்டுத்தரும் மருத்துவப் பணியைக் கற்று, 1954-ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். பின்பு கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் பணிபுரிந்தார். பேச இயலாத குழந்தையின் உள்ளத்தைப் பொறுமையால் அறியும் பழக்கம் அங்கேதான் அவரிடம் வேரூன்றியது.

ஆப்பிரிக்கப் பயணம்

ஆப்பிரிக்காவின் காட்டு விலங்குகளை நேரிற் காணவேண்டும் என்பது அவரது நெடுநாள் அவா. பொருளோ போதவில்லை. அவர் தம் சேமிப்பை ஒன்று திரட்டினார். அதுவும் போதாமையால் வங்கியிற் கடன் பெற்றார். எவ்வெவ்விடங்களைக் காண்பது என்று வகுத்துக்கொண்டு, 1963-ஆம் ஆண்டு ஏழு வாரப் பயணமாகப் புறப்பட்டார். கென்யாவின் சாவோ தேசியப் பூங்காவில் யானைகள் திரியும் பரந்த வெளியைக் கண்டார். இன்று தான்சானியா எனப்படும் நாட்டில், பூநாரைகள் கூடும் மன்யாரா ஏரியையும், விலங்குகள் நிறைந்த கொரொங்கோரோ என்னும் அவிந்த எரிமலையின் வாயையும் கண்டு மகிழ்ந்தார்.

அடுத்து அவர் சென்ற இடம் ஓல்டுவாய் என்னும் பள்ளத்தாக்கு. அங்கே லூயி லீக்கி என்னும் அறிஞர் தொன்மாந்தரின் எலும்புகளை அகழ்ந்தெடுத்து ஆராய்ந்து வந்தார். அகழ்ந்த குழிகளைக் காணச் சென்ற டயான் கால் இடறி வீழ்ந்தார், கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. ஆயினும் அவர் தம் திட்டத்தைக் கைவிடவில்லை. இரு வாரங்கள் கழித்து, கோலூன்றியவாறே காங்கோ நாட்டின் மிக்கேனோ மலைமீது ஏறினார். மலைக் கொரில்லாக்கள் வாழும் இடம் அதுவே. அடர்ந்த புதரிடையே முதலில் அவற்றின் நாற்றமும் குரலுமே அவரை எட்டின. பின்னரே இலைகளின் ஊடே கரிய முகங்கள் தோன்றின. அவை இவரை நோக்கின; இவர் அவற்றை நோக்கினார். மீண்டும் இங்கு வருதல் வேண்டும் என்னும் உறுதி அக்கணமே அவர் உள்ளத்திற் பிறந்தது.

கரிசோக்கே

1966-ஆம் ஆண்டு லீக்கி சொற்பொழிவாற்ற லூயிவில் நகருக்கு வந்தார். டயான் அவரைக் கண்டு, தம் பயணத்தைப்பற்றித் தாம் எழுதிய கட்டுரைகளையும் எடுத்த படங்களையும் காட்டினார். கொரில்லாக்களை நெடுங்காலம் ஆராய்தற்கு ஏற்ற ஒருவரைத் தேடிக்கொண்டிருந்த லீக்கி, அவரையே தேர்ந்தார். மருத்துவ வசதியற்ற காட்டில் வாழ வேண்டியிருத்தலால் குடல்வாலை முன்னரே அகற்றிவிடுதல் நன்று என்றும் கூறினார். டயான் உடனே மருத்துவமனை சென்று அவ்வாறே செய்துகொண்டார். வீடு திரும்பியபோது, அஃது உண்மையில் தேவையில்லை என்றும், உறுதியைச் சோதிக்கவே அவ்வாறு சொன்னதாகவும் லீக்கியின் மடல் வந்திருந்தது!

1967-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் மிக்கேனோ மலைச்சாரலில் ஆராய்ச்சியைத் தொடங்கினார். ஆறு திங்கள் கழிவதற்குள் காங்கோவில் உள்நாட்டுக் கலகம் மூண்டது. படைவீரர் அவரை மலையினின்றும் இறக்கிச் சென்று காவலில் வைத்தனர். அவர் சூழ்ச்சித் திறத்தால் உகாண்டாவிற்குத் தப்பிச் சென்றார். பிறராயின் தாய்நாடு திரும்பியிருப்பர். அவரோ அதே மலைத்தொடரின் மறுபுறத்தில், ருவாண்டா நாட்டில், அவ்வாண்டு செப்டம்பர்த் திங்கள் 24-ஆம் நாள் புதிய நிலையம் ஒன்றை நிறுவினார். கரிசிம்பி, விசோக்கே என்னும் இரு மலைகளுக்கு இடையில் அமைந்தமையால் இரு பெயர்களையும் இணைத்துக் கரிசோக்கே எனப் பெயரிட்டார். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரம், ஓயாத மழை, கடுங்குளிர், செங்குத்தான சேற்றுவழி. இவ்விடமே அவருக்கு இல்லமாயிற்று.

பொறுமையின் வெற்றி

கொரில்லா கொடிய விலங்கு, மனிதரைக் கண்டால் பாய்ந்து கொல்லும் என்றே மக்கள் நெடுங்காலம் நம்பிவந்தனர். அம்மையார் அந்நம்பிக்கையைப் பொய்யாக்கினார். அவர் கொரில்லாக்களின்முன் நிமிர்ந்து நிற்பதில்லை. கைம்முட்டிகளை ஊன்றித் தவழ்ந்து சென்றார். அவை உண்ணும் தழைகளைத் தாமும் மென்றார். அவை மனநிறைவுற்றபோது எழுப்பும் ஒலியைத் தாமும் எழுப்பினார். ஒவ்வொன்றின் மூக்கின்மேலும் உள்ள வரிகள் வெவ்வேறாக இருத்தலைக் கண்டு, அவற்றை வரைந்துவைத்து, தனித்தனியே பெயரிட்டு அடையாளம் அறிந்தார். மூன்றாண்டுகள் இவ்வாறு கழிந்தபின், 1970-ஆம் ஆண்டு இளம் ஆண் கொரில்லா ஒன்று தானே முன்வந்து அவர் கையைத் தொட்டது. அன்பினாற் பெற்ற அவ்வெற்றி வாளினாற் பெறும் வெற்றியினும் பெரிதன்றோ!

முதுகு வெள்ளிநிறம் பெற்ற முதிய ஆண் தலைமை தாங்க, அவை குடும்பமாக வாழ்கின்றன. பெரும்பாலும் தழையே உண்கின்றன. குட்டிகளைப் பரிவோடு வளர்க்கின்றன. இவ்வுண்மைகளை விரிவாக ஆராய்ந்து எழுதிய அம்மையாருக்குக் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் வழங்கியது.

இடரும் இழப்பும்

கொரில்லாக்களுக்கு இடர் பல திசைகளினின்றும் வந்தது. பூச்சிக்கொல்லிக்கு உதவும் ஒருவகைப் பூப்பயிரை விளைத்தற்காகப் பூங்காவின் பெரும்பகுதி உழுநிலமாயிற்று. மானுக்கு வைத்த கண்ணியில் கொரில்லாவின் கைகால்கள் சிக்கிப் புண்பட்டன. குட்டி ஒன்றை உயிர்க்காட்சிச் சாலைக்குப் பிடித்தற்காக, அதனைக் காக்க முனையும் பெரியவற்றைக் கொன்றனர்.

அம்மையார் சிறுபோதினின்றே அறிந்திருந்த ஆண் கொரில்லா ஒன்று உண்டு. அதன் விரல் ஒன்று ஊனமுற்றிருந்தமையால், விரல் எனப் பொருள்படும் டிஜிட் என்னும் பெயரை அதற்கு இட்டிருந்தார். 1977-ஆம் ஆண்டின் இறுதி நாளில் திருட்டு வேட்டைக்காரர் அதன் கூட்டத்தைத் தாக்கினர். டிஜிட் அவர்களை எதிர்த்து நின்றது, கூட்டம் தப்பியது, டிஜிட் ஈட்டிகளுக்கு இரையாயிற்று. அதன் தலையையும் கைகளையும் அவர்கள் வெட்டிச் சென்றனர். அம்மையாரின் துயரத்திற்கு எல்லையில்லை. எனினும் அவர் துயரத்திலேயே ஆழ்ந்துவிடவில்லை. அடுத்த ஆண்டே டிஜிட்டின் பெயரால் நிதி திரட்டி, காட்டைச் சுற்றிவந்து கண்ணிகளை அகற்றும் காவற்குழுவினரை அமர்த்தினார்.

அவர் சினம் சில வேளைகளில் எல்லை கடந்ததுண்டு. வேட்டையாடுவோரின் குடில்களைக் கொளுத்தினார். பிடிபட்டோரைக் கடுமையாக நடத்தினார். அச்செயல்கள் அவருக்குப் பகைவரைப் பெருக்கின. காட்டைக் காக்கக் காட்டோரத்து மக்களின் நட்பும் வேண்டும் என்னும் படிப்பினையை அவர் வாழ்வின் இப்பகுதி நமக்குத் தருகின்றது.

மறைவும் பயனும்

தம் பட்டறிவை 1983-ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். 1985-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26-ஆம் நாள் இரவு, கரிசோக்கேயில் தம் குடிலிலேயே அவர் கொலையுண்டார். கொன்றவர் யார் என்பதில் ஐயம் இன்றளவும் தீரவில்லை. கொரில்லாக்களுக்கெனத் தாமே அமைத்த இடுகாட்டில், டிஜிட்டின் அருகே அவர் உடல் அடக்கம் செய்யப்பெற்றது.

1981-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அம்மலைத்தொடரில் எஞ்சியிருந்த கொரில்லாக்கள் ஏறத்தாழ 250. 2018-ஆம் ஆண்டு வெளியான கணக்கில் அவை 604 ஆகப் பெருகியிருந்தன. உகாண்டாவின் புவிண்டிக் காட்டில் வாழ்வனவற்றையும் சேர்க்க, தொகை ஆயிரத்தைக் கடந்தது. இவ்வளர்ச்சியில் காவலர், மருத்துவர், அரசினர் எனப் பலரது உழைப்பும் உண்டு. அதற்கு வித்திட்டோருள் முதல்வரிசையில் நிற்பவர் ஃபாசி அம்மையார்.

இக்காலத்தில் கிழக்கு ஆப்பிரிக்கப் பூங்காக்களைக் காணச் செல்வோர் பலர் ருவாண்டாவிற்கும் உகாண்டாவிற்கும் சென்று மலைக் கொரில்லாக்களைக் காண்கின்றனர். ஒரு கொரில்லாக் கூட்டத்தைக் காண நாளொன்றுக்கு எண்மர்க்கே இசைவு. அதுவும் ஒரு மணிநேரமே. நோயுற்றோர் அருகிற் செல்லுதல் ஆகாது. பார்ப்பவரின் மகிழ்ச்சியினும் பார்க்கப்படும் உயிரின் நலமே பெரிது என்பது அவ்விதிகளின் கருத்து. ஏழு வாரப் பயணமாகச் சென்று, தம் வாழ்நாள் முழுவதையும் அம்மலைக்கே ஈந்த அம்மையார் கடைப்பிடித்த நெறியும் அதுவே. காட்டுயிர்களைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டும்போது, அடக்கத்தோடு அணுகி, அவற்றுக்கு ஊறு நேராவண்ணம் மீளுதல் நம் கடமையாகும்.