முதல் கணிப்பைத் திருத்திய மேதை மகலனோபிஸ்

நம் எம்.ரெட்டியபட்டி வட்டாரத்துக் கரிசல் காட்டில் பருத்தி காய்க்கத் தொடங்கியதும், பெரியவர்கள் வரப்பில் நின்றபடியே எவ்வளவு தேறும் எனக் கண்மதிப்பாகச் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். அது முற்றிலும் சரியாக இராது. ஆயினும் வேலையைத் தொடங்க ஓர் எண் வேண்டுமல்லவா? அந்த முதல் எண்ணை எப்படிப் பெறுவது, எப்படித் திருத்துவது என்பதை ஆராய்ந்த வங்கப் பேரறிஞர் ஒருவரின் வாழ்க்கையை இங்கே காண்போம்.

பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1893-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். இயற்பியல் பட்டம் பெற்று, 1913-இல் லண்டனில் படிக்கும் எண்ணத்துடன் இங்கிலாந்து சென்றார். ஒருநாள் கேம்பிரிட்ஜைக் காணச் சென்றவர், கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தின் அழகில் மெய்ம்மறந்தார். கடைசி ரயிலும் போய்விட்டது! இரவு அங்கேயே தங்கியவர் அந்தக் கல்லூரியிலேயே சேர்ந்துவிட்டார். நம் கணித மேதை இராமானுஜன் அவருக்கு நண்பரானது அங்கேதான். குளிரில் வாடிய இராமானுஜன் கம்பளிகளுக்கு மேலே படுத்திருப்பதைக் கண்டு, அவற்றுக்குள் நுழைந்து உறங்கக் கற்றுக்கொடுத்தவர் இவரே.

தாயகம் திரும்பும் வேளையில் புள்ளியியல் ஏடு ஒன்றின் தொகுதிகளை வாங்கிக் கப்பலிலேயே படிக்கலானார். பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் ஆசிரியராக இருந்துகொண்டே புள்ளியியலை வளர்த்தார். 1931-இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவினார்.

வங்காளத்தில் சணல் எவ்வளவு விளையும் என்பது அந்நாளில் பெருங்கேள்வி. கணக்குப் பிசகினால் விலை தடுமாறும். அடி உழவனுக்கே விழும். ஒவ்வொரு வயலாக எண்ணாமல், சில இடங்களை மட்டும் தேர்ந்து அளக்க மகலனோபிஸ் விழைந்தார். எத்தனை இடம்? ஒவ்வொன்றும் எவ்வளவு பெரிது? இடத்துக்கு இடம் விளைச்சல் எவ்வளவு மாறும் என்று தெரிந்தால்தான் இதைச் சொல்ல முடியும். அளந்தால்தானே அது தெரியும்! இந்தச் சிக்கலை அவிழ்க்க, 1937-இல் சிறிய முன்னோட்ட ஆய்வொன்றைத் தொடங்கினார். அதில் கிடைத்த எண்களைக் கொண்டு அடுத்த ஆண்டின் ஆய்வை வகுத்தார். அதன் பயனைக் கொண்டு அதற்கடுத்த ஆண்டினதை. 1941-இல் அவருடைய மதிப்பீடு ஏறத்தாழ 75 லட்சம் பொதிகள். வயல்தோறும் சென்று எடுத்த அரசுக் கணக்கு 63 லட்சம் என்றது. வணிகத்தில் வெளிவந்த அளவோ 75 லட்சத்தைச் சற்றே தாண்டியது.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. ஒரே வட்டாரத்துக்கு இரு குழுக்களைத் தனித்தனியே அனுப்புவார். இரண்டும் ஒத்துவந்தால்தான் அவருக்கு மனநிறைவு.

இன்று கணிப்பொறியில் கட்டமைப்புச் சமன்பாட்டு மாதிரிகளைப் பொருத்துவோர்க்கும் ஏறத்தாழ இதே சிக்கல்தான். தாயின் கல்வி, வீட்டுச் சூழல், மாணவியின் ஆர்வம், மதிப்பெண் ஆகியவற்றுள் எது எதை எவ்வளவு பாதிக்கிறது என்று பல சமன்பாடுகளை ஒருசேர அமைத்துக் காணும் முறை அது. கணிப்பொறி விடையை நேரே கண்டுவிடாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தொடக்க மதிப்பை வைத்துக்கொண்டு, படிப்படியாகத் திருத்திச் செல்லும். தொடக்கம் பொருந்தாவிடில் விடையை எட்டாமலே நின்றுவிடலாம். அல்லது பொருளற்ற விடையில் போய் முடியலாம். ஆதலால் சிறிய மாதிரியொன்றை முதலில் பொருத்தி, அதில் வந்த எண்களைப் பெரிய மாதிரிக்குத் தொடக்கமாகத் தருவதுண்டு. வெவ்வேறு தொடக்கங்களிலிருந்து கிளம்பினாலும் ஒரே விடை வருகிறதா என்றும் பார்ப்பார்கள். இம்முறையை மகலனோபிஸ் வகுக்கவில்லை. ஆயினும் முன்னோட்ட ஆய்வையும் இரு குழுக்களையும் அறிந்த நமக்கு இது புதிதாகத் தோன்றாது.

1950-இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வும், 1956-இல் தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டமும் அவர் கைவண்ணம் படிந்தவை. 1972-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள், எழுபத்தொன்பதாம் பிறந்தநாளுக்கு முந்தைய தினம், அவர் மறைந்தார். அவர் பிறந்த ஜூன் 29-ஐ 2007 முதல் நம் நாடு புள்ளியியல் நாளாகக் கொண்டாடி வருகிறது.