துர்காவின் மருத்துவர்

இங்கிலாந்தின் ஓல்டாம் நகர மருத்துவமனையில் 1978 ஜூலை 25 அன்று லூயிஸ் பிரவுன் என்ற பெண் குழந்தை பிறந்தது. தாயின் உடலுக்கு வெளியே கருவுற்று உருவான உலகின் முதல் குழந்தை அது. அதிலிருந்து எழுபதாவது நாளில், அக்டோபர் 3 அன்று, நவராத்திரி காலத்துக் கொல்கத்தாவில் மற்றொரு பெண் குழந்தை பிறந்தது. துர்கா என்ற பெயரால் அறியப்பட்ட அக்குழந்தையும் சோதனைக் குழாய் முறையில் உருவானதுதான்.

ஓல்டாமில் வெற்றி கண்ட ராபர்ட் எட்வர்ட்ஸுக்கு 2010-இல் நோபல் பரிசு கிடைத்தது. கொல்கத்தாவில் வெற்றி கண்ட சுபாஷ் முகோபாத்யாயவுக்குக் கிடைத்தவை விசாரணைக் குழுவும் பணியிட மாற்றமும்தான். குழந்தையின்மையை இந்தச் சமூகமும் அரசும் எவ்வாறு அணுகின என்பதை அவரது வாழ்க்கை தெளிவாகக் காட்டுகிறது.

1931 ஜனவரி 16 அன்று, இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தின் ஹசாரிபாக்கில் பிறந்தவர் சுபாஷ். கொல்கத்தாவில் உடலியங்கியலும், 1955-இல் பட்டம் பெறும் வரை மருத்துவமும் பயின்றார். மருத்துவராகிக் கைநிறையச் சம்பாதிக்கும் வழி திறந்திருந்தும் அவர் மனம் ஆய்வையே நாடியது. இனப்பெருக்க உடலியங்கியலில் 1958-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் ஸ்காட்லாந்து சென்று, ஹார்மோன் ஆய்வில் பெயர் பெற்ற ஜான் லோரெய்னிடம் பயின்று, 1967-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இரண்டாவது முனைவர் பட்டமும் பெற்றார்.

அங்கேயே தங்கிவிடாமல் அவர் தாயகம் திரும்பினார். கொல்கத்தாவின் நீல் ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியிலும், பின்னர் பாங்குரா சம்மிலனி மருத்துவக் கல்லூரியிலும் உடலியங்கியல் கற்பித்தார். கற்பித்த நேரம் போக எஞ்சிய பொழுதெல்லாம் குழந்தையின்மைக்கான காரணங்களை ஆராய்வதிலேயே கழிந்தது.

இயற்கையான கருவுறுதல் நிகழும் இடம் கருப்பையன்று. சினைப்பையையும் கருப்பையையும் இணைக்கும் கருக்குழாய். நோய்த்தொற்றால் இக்குழாய்கள் அடைபட்டுவிட்டால், சினைப்பையும் கருப்பையும் நலமாக இருந்தும் முட்டையும் விந்தணுவும் சந்திக்க இயலாது. இந்தியாவில் காசநோய்க் கிருமிகளும் சத்தமின்றி இக்குழாய்களைச் சிதைப்பதுண்டு. அடைப்பை அறுவை சிகிச்சையால் நீக்க முயல்வதைத் தவிர, அன்றைய மருத்துவர்களிடம் வேறு வழி ஏதும் பெரிதாக இல்லை. அதுவும் பயனளிக்காத பெண்களுக்கு எஞ்சியவை கோயில் வேண்டுதலும் உறவினரின் ஏச்சும்தான்.

அப்படிக் கருக்குழாய்கள் பழுதடைந்த ஒரு பெண்ணும் அவருடைய கணவரும் சுபாஷின் உதவியை நாடினர். அவர் தனியாக இயங்கவில்லை. ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் உறைகுளிர் அறிவியல் வல்லுநர் சுனித் முகர்ஜியும், மகப்பேறு மருத்துவர் சரோஜ் காந்தி பட்டாச்சார்யாவும் அவருடன் இணைந்தனர். செல்வச் செழிப்புள்ள ஆய்வுக்கூடம் எதுவும் அவர்களிடம் இல்லை. எளிய கருவிகளைக் கொண்டே பணி நடந்தது.

அவர் கையாண்ட முறை, இங்கிலாந்தில் கையாளப்பட்டதிலிருந்து முக்கியமான இடங்களில் வேறுபட்டது. ஓல்டாமில் இயற்கையாக முதிர்ந்த ஒரே ஒரு முட்டையை, வயிற்றில் துளையிட்டுச் செலுத்தும் கருவியின் உதவியால் எடுத்தனர். சுபாஷோ ஹார்மோன் ஊசிகளால் சினைப்பையைத் தூண்டி ஒன்றுக்கு மேற்பட்ட முட்டைகளை முதிரச் செய்தார். அவற்றைப் பிறப்புறுப்பின் வழியே சிறு அறுவையால் எடுத்து, ஆய்வுக்கூடத்தில் விந்தணுவுடன் சேர்த்தார்.

அடுத்த படிதான் வியப்புக்குரியது. எட்டு செல் நிலைக்கு வளர்ந்த கருக்களை, பனிப்படிகங்களால் சேதமடையாதபடி டைமெத்தில் சல்பாக்சைடு என்ற வேதிப்பொருளைக் கொண்டு காத்து, உறைநிலையில் வைத்தார். 53 நாள்களுக்குப் பிறகு உறைநிலை நீக்கி, பின்னர் வந்த ஒரு மாதவிடாய்ச் சுழற்சியில் தாயின் கருப்பைக்குள் செலுத்தினார். ஹார்மோன் ஊசிகள் முட்டைகளைப் பெருக்கும்; ஆனால் அவையே கருப்பையின் உட்சுவரைக் கரு பதிவதற்குப் பொருந்தாததாக மாற்றிவிடவும் கூடும். அந்தத் தாக்கம் அடங்கும் வரை கருவைக் காத்து வைப்பது பல நேரங்களில் நல்லது என்பதை இன்றைய மருத்துவம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. உறைந்த கருவிலிருந்து உண்டான கர்ப்பத்தை ஆஸ்திரேலிய மருத்துவர்கள் உலகுக்கு அறிவித்தது 1983-இல்தான்.

துர்கா பிறந்த செய்தி நாளிதழ்களில் வெளியானதும் கொல்கத்தா பரபரப்படைந்தது. கூடவே ஐயமும் எழுந்தது. அந்த ஐயத்தைப் போக்க எளிய வழி, பெற்றோரையும் குழந்தையையும் அழைத்து வந்து காட்டுவது. ஆனால், பழைமையில் ஊறிய குடும்பத்தைச் சேர்ந்த அந்தப் பெற்றோர் ஊராரின் பேச்சுக்கு அஞ்சினர். குழந்தை இயல்பாகப் பிறந்ததல்ல என்று தெரிந்தால் அதன் எதிர்காலம் என்னவாகும் என்ற கவலை அவர்களுக்கு. தம்மை நம்பி வந்தவர்களைத் தம் பெருமைக்காகப் பொதுவெளியில் நிறுத்த சுபாஷ் விரும்பவில்லை. மருத்துவ அறம் அவர் கைகளைக் கட்டிப்போட்டது.

1978 நவம்பரில் மேற்கு வங்க அரசு அவரது கண்டுபிடிப்பை ஆராய ஒரு குழுவை அமைத்தது. ரேடியோ இயற்பியல் துறைப் பேராசிரியர் ஒருவர் அதற்குத் தலைமை வகித்தார். மனித முட்டையையும் கருவையும் கையாண்டு ஆய்வு செய்த அனுபவமுள்ளவர்கள் அதில் இடம்பெறவில்லை. அன்றைய இந்தியாவில் அத்தகையோர் அரிதாக இருந்திருக்கலாம். அப்படியானால், வெளியிலிருந்து ஒருவரின் கருத்தையாவது கேட்டிருக்க வேண்டும். குழுவோ அவரது கூற்று நம்பத்தக்கதன்று என்ற முடிவுக்கு வந்தது.

அதன் பிறகு கதவுகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தம் ஆய்வை விளக்க ஜப்பானிலிருந்து வந்த அழைப்பை ஏற்றுச் செல்ல, அரசு ஊழியரான அவருக்கு அனுமதி தரப்படவில்லை. வெளிநாட்டு வல்லுநர்கள் முன் தம் செய்முறையை எடுத்துரைத்து, அவர்களது மதிப்பீட்டைப் பெறும் வாய்ப்பு அதனால் பறிபோனது. சக மருத்துவர் சிலரின் ஏளனத்தையும் அவர் தாங்க வேண்டியிருந்தது. உடல்நலம் குன்றியது, மாரடைப்பும் வந்தது.

1981 ஜூனில் கொல்கத்தாவில் உள்ள கண் மருத்துவ நிறுவனத்துக்கு அவர் பணியிட மாற்றம் செய்யப்பட்டார். இனப்பெருக்க ஆய்வில் இரண்டு முனைவர் பட்டங்களுக்கு உரிய உழைப்பைச் செலுத்திய ஒருவருக்குக் கண் துறையில் என்ன வேலை? அந்த ஆணை, இனி ஆய்வே வேண்டாம் என்று சொல்லாமல் சொன்னது. 1981 ஜூன் 19 அன்று, ஐம்பதாவது வயதில், சுபாஷ் தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டார்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1986 ஆகஸ்ட் 6 அன்று மும்பையில் ஹர்ஷா என்ற குழந்தை பிறந்தது. மருத்துவர் இந்திரா ஹிந்துஜாவும் அறிவியலாளர் டி.சி. ஆனந்த் குமாரும் அதற்குக் காரணமானவர்கள். இந்தியாவின் முதல் சோதனைக் குழாய் குழந்தை என்று அதைத்தான் நாடு கொண்டாடியது. கொல்கத்தா மருத்துவரின் துயரத்தைச் சாயலாகக் கொண்டு, தபன் சின்ஹா 1990-இல் 'ஏக் டாக்டர் கி மவுத்' என்ற இந்தித் திரைப்படத்தை எடுத்தார்.

அறிவியல் உலகின் நீதி வந்தது 1997-இல். கொல்கத்தா சென்ற ஆனந்த் குமாரின் கைகளுக்கு சுபாஷின் ஆய்வுக் குறிப்புகள் கிடைத்தன. அவற்றை ஆராய்ந்தும், பெற்றோரிடம் பேசியும், சுபாஷ் உண்மையே சொன்னார் என்று அவர் உறுதி செய்துகொண்டார். முதல்வர் என்ற பெருமை தமக்குரியதல்ல, சுபாஷுக்குரியது என்று ஆய்விதழில் எழுதினார். தம் தலையிலிருந்த மகுடத்தைத் தாமே எடுத்து இறந்துபோன ஒருவருக்குச் சூட்டிய அந்த நேர்மை அறிவியல் வரலாற்றில் அரிது. பின்னர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சுபாஷின் பணியை அங்கீகரித்தது. 2003-இல், தம் 25-ஆவது பிறந்த நாளில், துர்காவே பொதுமேடையில் தோன்றித் தாம் யார் என்பதை அறிவித்தார்.

சுபாஷை வீழ்த்தியதில் அரசின் அலட்சியத்துக்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால், அவர் தரப்புச் சாட்சியைப் பேசவிடாமல் செய்தது குழந்தையின்மை பற்றிய நம் சமூகத்தின் வெட்கம். அந்த வெட்கம் இன்னும் அகலவில்லை. உலகில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் தம் வாழ்நாளில் ஏதேனும் ஒரு கட்டத்தில் இந்தக் குறையைச் சந்திக்கிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஏறத்தாழ பாதித் தம்பதிகளிடம் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது. ஆயினும், விந்தணுப் பரிசோதனை என்ற எளிய முதல் படிக்கு வர மறுக்கும் கணவர்களும், மருமகளை மட்டும் மருத்துவமனைக்கு அனுப்பும் குடும்பங்களும் இன்றும் உண்டு.

முறையாக முயன்றும் ஓராண்டில் கருத்தரிக்கவில்லை எனில், பெண்ணுக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே, கணவனும் மனைவியும் சேர்ந்து சிறப்பு மருத்துவரைக் காண வேண்டும் என்பதே மருத்துவம் வகுத்த நெறி. எல்லோருக்கும் சோதனைக் குழாய் முறை தேவைப்படுவதில்லை. மருந்தாலும் சிறு சிகிச்சையாலும் பலன் பெறுவோர் பலர். சிகிச்சை மையங்களை முறைப்படுத்த 2021-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியிருப்பதால், பதிவு பெற்ற மையமா என்று கேட்டறியும் உரிமையும் கடமையும் தம்பதியருக்கு உண்டு.

உறைய வைத்த கருவிலிருந்து இன்று உலகெங்கும் குழந்தைகள் பிறக்கின்றன. அவர்களது பெற்றோரில் பெரும்பாலோர் சுபாஷின் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். குழந்தையின்மையைப் பழியாகக் கருதாமல் மருத்துவக் குறையாகக் கருதி, வெளிப்படையாகப் பேசி, தயங்காமல் சிகிச்சை பெறும் ஒவ்வொரு தம்பதியும் அவருக்கு நாம் செலுத்தத் தவறிய மரியாதையைச் செலுத்துகின்றனர்.