வில்லுக்கு விதி சொன்னவர் ராபர்ட் ஹூக்



மெக்கானிக்கலோ, சிவிலோ, ஆட்டோமொபைலோ, ஹூக் விதியைத் தாண்டாமல் நாம் டிப்ளமா வாங்க முடியாது. மீட்சி எல்லைக்குள் தகைவும் திரிபும் நேர்விகிதத்தில் இருக்கும் என்று வைவாவில் ஒப்பித்துவிட்டு வந்துவிடுகிறோம். ஆனா அந்த ஹூக் யாரு, எப்படி வாழ்ந்தாருன்னு கேட்டா பாதிப் பேர் முழிப்போம். நான் படித்துத் தெரிந்துகொண்டதை இந்த மலரில் எழுதுகிறேன். ஏன்னா, அவர் கதையில் நம்ம கதையும் கொஞ்சம் கலந்திருக்கு.

நோஞ்சான் பிள்ளை

இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பால் வைட் தீவு. அங்கே ஃப்ரெஷ்வாட்டர் என்ற ஊரில் 1635 ஜூலை 18 அன்று ஹூக் பிறந்தார். அப்பா ஜான் ஹூக் அந்த ஊர் தேவாலயத்தில் உதவிக் குரு. பிள்ளையோ நோஞ்சான். ஓயாத தலைவலி. படிப்பு இவனுக்குச் சரிப்படாது என்று அப்பாவே பாடத்தை நிறுத்திவிட்டார். ஆனால் பையனின் கை சும்மா இருக்கவில்லை. யாரோ பிரித்துப் போட்டிருந்த பித்தளைக் கடிகாரத்தைப் பார்த்து, மரத்திலேயே ஒன்று செய்தான். அது ஓடவும் செய்தது!

1648இல் அப்பா இறந்தபோது ஹூக்குக்கு வயது 13. லண்டனில் ஓவியர் பீட்டர் லீலியிடம் கொஞ்ச நாள் இருந்தார். பிறகு வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் சேர்ந்தார். யூக்ளிடின் முதல் ஆறு புத்தகங்களை ஒரே வாரத்தில் முடித்தார் என்று சொல்வார்கள். அடுத்து ஆக்ஸ்போர்டு. அங்கே ராபர்ட் பாயிலிடம் உதவியாளர் வேலை. பாயில் காற்றை ஆராய்ந்தார் என்று நாம் படிக்கிறோம். அதற்கான பம்பை உருவாக்கி, ஓடவைத்துக் காட்டிய கை ஹூக்கினுடையது.

சம்பளமில்லாத வேலை

1662இல் ராயல் சொசைட்டியின் சோதனைப் பொறுப்பாளர் ஆனார். வாரக் கூட்டம் ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு சோதனைகளைத் தயார் செய்து காட்ட வேண்டும். உறுப்பினர்களில் பலர் செல்வந்தர்கள். அவர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள், இவர் நின்று செய்வார். ஆரம்பத்தில் சம்பளமே கிடையாது. சர் ஜான் கட்லர் என்ற வணிகர், விரிவுரை நடத்தினால் ஆண்டுக்கு 50 பவுன் தருவதாக ஒப்புக்கொண்டார். பணம் ஒழுங்காக வரவில்லை. ஹூக் கோர்ட்டுக்குப் போனார். தீர்ப்பு அவர் பக்கம் வந்தது 1696இல். அப்போது அவருக்கு வயது 60ஐத் தாண்டிவிட்டது!

டிப்ளமாக்காரன் கையில் செய்வான், பேர் வேறு யாருக்கோ போகும் என்று நாம் கேண்டீனில் புலம்புவதுண்டு. அந்தப் புலம்பல் முன்னூற்றைம்பது வருஷத்துக்கும் மேல் பழசு, நண்பர்களே.

ஆனால் அவர் புலம்பிக்கொண்டு நிற்கவில்லை. 1665இல் மைக்ரோகிராஃபியா நூல் வெளிவந்தது. தக்கையை மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்து, அதிலிருந்த குட்டி அறைகளுக்கு செல் என்று பேர் வைத்தவர் அவர்தான். 1666இல் லண்டன் தீப்பற்றி எரிந்தது. நகரத்தைத் திரும்ப அளந்து எழுப்பிய சர்வேயர்களில் முக்கியமானவர் ஹூக். கிறிஸ்டோபர் ரென்னோடு தோளோடு தோள் நின்று வேலை பார்த்தார். லாரியின் புரொப்பல்லர் ஷாஃப்டில் இருக்கும் யுனிவர்சல் ஜாயின்டை ஹூக்ஸ் ஜாயின்ட் என்று சொல்கிறோமே, அதுவும் இவர் பேர்தான்.

பதினான்கு எழுத்துப் புதிர்

சுருள்வில் வைத்த கைக்கடிகாரம் யார் கண்டுபிடிப்பு என்று 1675இல் ஹாலந்துக்காரர் ஹைகன்ஸோடு தகராறு. இனி யாரும் திருடக்கூடாது, அதே சமயம் முதலில் சொன்னது நான்தான் என்பதும் பதிவாக வேண்டும். என்ன செய்தார் தெரியுமா? 1676இல் தன் மீட்சி விதியை 14 லத்தீன் எழுத்துகளாகக் கலைத்துப் போட்டுப் புதிராக அச்சிட்டார். 1678இல் வில் பற்றிய தன் நூலில் அதை அவரே அவிழ்த்தார். நீட்சி எவ்வளவோ அந்த அளவுக்கு விசை, அவ்வளவுதான் விஷயம்.

சுருள்வில்லில் எடை தொங்கவிட்டார். கடிகார வில்லைச் சுற்றிப் பார்த்தார். நீளமான கம்பியை மேலிருந்து தொங்கவிட்டு, எடையைக் கூட்டிக் கூட்டி அளந்தார். நம்ம லேபில் செய்யும் ஸ்பிரிங் டெஸ்ட் இதன் பேரப்பிள்ளை. ஆனால் தகைவு, திரிபு என்ற சொற்கள் அவரிடம் இல்லை. யங் தன் குணகத்தை 1807இல் எழுதினார். தகைவைக் கணக்கில் ஒழுங்குபடுத்தியவர் 1820களில் கோஷி.

ரப்பர் கேட்கவில்லை

ஹூக் ஒரு படி அதிகமாகப் போனார். இந்த விதி உலோகத்துக்கு மட்டுமல்ல. மரம், கல், முடி, பட்டு, எலும்பு, தசைநாண் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று எழுதினார். அங்கேதான் சிக்கல். சில ஆண்டுகளிலேயே சுவிட்சர்லாந்தின் யாக்கோபு பெர்னூலி, குடல் நரம்புத் தந்தியில் எடை தொங்கவிட்ட அளவுகளைக் காட்டி, நீட்சி நேர்விகிதத்தில் வரவில்லை என்றார். தசைநாணிலும் அப்படித்தான். உள்ளே சுருண்டிருக்கும் நார்கள் முதலில் லேசாக நிமிர்கின்றன, நிமிர்ந்த பிறகு விறைக்கின்றன.

ரப்பரை ஹூக் ஆராயவில்லை. அது ஐரோப்பிய அறிஞர்கள் கையில் கிடைத்ததே 1736க்குப் பிறகு. ஒரு பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி எடை தொங்கவிட்டு நான் கிராஃப் போட்டேன். முதலில் கோடு வளைந்து சாய்கிறது, கடைசியில் விறைத்து மேலே ஏறுகிறது. நேர்கோடு எங்கேயும் நீளமாக இல்லை. நீங்களும் செய்து பாருங்கள்.

இதற்குக் கணக்கு சொன்னவர்களில் 1940இல் அமெரிக்காவின் மெல்வின் மூனியும், 1948இல் இங்கிலாந்தின் ரொனால்ட் ரிவ்லினும் முக்கியமானவர்கள். ரப்பரை இழுத்தால் அதன் கனஅளவு அநேகமாக மாறுவதில்லை, அதனால் நீள நீள மெலிகிறது. ரிவ்லினின் எளிய கணக்கு இது. முதலில் நீட்சி விகிதம் பார்க்க வேண்டும், அதாவது இழுத்த நீளம் வகுத்தல் பழைய நீளம். அந்த விகிதத்திலிருந்து, அதன் வர்க்கத்தின் தலைகீழைக் கழித்து, சறுக்குக் குணகத்தால் பெருக்கினால், பழைய குறுக்குப் பரப்புக்கான தகைவு வரும். இரண்டு மடங்கு இழுத்தால் 2லிருந்து 0.25 போக 1.75. ஹூக்கின் நேர்கோட்டை அப்படியே நீட்டினால் 3 வரும். நேர்கோட்டை நம்பி ரப்பர் புஷ், இன்ஜின் மவுண்ட் டிசைன் செய்தால் என்ன ஆகும், யோசியுங்கள்! இந்த எளிய கணக்கும் ரொம்ப இழுத்தால் தவறும். கடைசி விறைப்பு அதில் வராது. அதற்கு 1972இல் ஆக்டன் இன்னொரு வடிவம் கொடுத்தார்.

வேடிக்கை என்னன்னா, ரிவ்லின் தன் எளிய கணக்குக்கு வைத்த பேர் நியோ-ஹூக்கியன், அதாவது புதிய ஹூக் முறை. ஹூக் விதி எந்தப் பொருளிடம் தோற்றதோ, அந்தப் பொருளின் கணக்கிலேயே அவர் பேர் உட்கார்ந்திருக்கிறது.

முகமில்லாத மனிதர்

கடைசிக் காலம் கஷ்டமானது. முதுகு கூனி, தூக்கமில்லாமல், யாரையும் நம்பாமல் வாழ்ந்தார். ஈர்ப்பு விசை தூரத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழாகக் குறையும் என்று தானே முதலில் சொன்னதாக நியூட்டனோடு சண்டை. கோபத்தில் நியூட்டன் தன் நூலில் ஹூக்கின் பேர் வந்த சில இடங்களை நீக்கினார். பொதுவாகச் சொல்லி வைத்தவர் ஹூக், கணக்குப் போட்டு நிரூபித்தவர் நியூட்டன். இரண்டும் வேறு வேறு வேலை என்பதை நாம் நியாயமாக ஒப்புக்கொள்ள வேண்டும். 1703 மார்ச் 3 அன்று ஹூக் இறந்தார். அதே ஆண்டு நியூட்டன் ராயல் சொசைட்டியின் தலைவரானார். இதுதான் ஹூக் என்று உறுதியாகச் சொல்ல இன்று ஒரு படம்கூட இல்லை. படத்தை நியூட்டனே அழித்தார் என்று ஒரு கதை உலவுகிறது. அதற்குச் சான்று கிடையாது.

படம் போனாலும் விதி நிற்கிறது, எல்லையோடு நிற்கிறது. பரீட்சையில் ஹூக் விதி எழுதும்போது மீட்சி எல்லைக்குள் என்ற இரண்டு சொல்லை விட்டுவிட்டால் மார்க் போகும். வேலைக்குப் போன பிறகு விட்டால் மெஷினே போகும்! கையால் செய்து, அளந்து, எழுதி வைத்தவனை யாராலும் முழுசா அழிக்க முடியாது. ரெக்கார்டு நோட்டைக் காப்பி அடிக்காமல் எழுதுவோம், தோழர்களே!

– மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் பிரிவு