அந்தோனியோ பனிட்சி

சர் அந்தோனியோ பனிட்சி (செப்டம்பர் 16, 1797 – ஏப்ரல் 8, 1879) இத்தாலியில் பிறந்து, அரசியல் ஏதிலியாக இங்கிலாந்துக்குச் சென்று, இலண்டனில் உள்ள பிரித்தானிய அருங்காட்சியகத்தின் முதன்மை நூலகராக உயர்ந்தவர். அக்காலத்தில் இங்கிலாந்தின் தேசிய நூலகம் இந்த அருங்காட்சியகத்தின் ஒரு பிரிவாகவே இயங்கி வந்தது. நூலகத்திற்குப் புதிய நூல்கள் நன்கொடையாலும் தற்செயலாலும் வந்து சேர்ந்த நிலையை மாற்றி, அவை ஆண்டுதோறும் தவறாமல் வருவதற்குரிய பணத்தையும் சட்ட வலிமையையும் பெற்றுத் தந்தவர் இவர். வந்த நூல்களைப் பட்டியலிடுவதற்கு இவர் வகுத்த 91 விதிகள் இன்றைய நூற்பட்டியலாக்கத்தின் தொடக்கங்களில் ஒன்றாகக் கருதப்படுகின்றன.

இளமை

பனிட்சி வட இத்தாலியில் போ ஆற்றங்கரையில் உள்ள பிரெசெல்லோ என்னும் சிற்றூரில் பிறந்தார். பார்மா பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று 1818இல் பட்டம் பெற்றார். பின்னர் சொந்த ஊருக்குத் திரும்பி வழக்கறிஞராகத் தொழில் நடத்தினார்.

அக்காலத்தில் இத்தாலி ஒரே நாடாக இருக்கவில்லை. பிரெசெல்லோ மோதெனாச் சிற்றரசின் கீழ் இருந்தது. அதன் ஆட்சியாளரான நான்காம் பிரான்செஸ்கோ கடுமையான ஒடுக்குமுறைக்குப் பெயர் பெற்றவர். அவ்வாட்சியை எதிர்த்துக் கார்பனாரி என்னும் இரகசிய இயக்கத்தினர் செயல்பட்டனர். பனிட்சிக்கும் அவ்வியக்கத்துடன் தொடர்பு இருந்தது. 1822இல் கைதுகள் தொடங்கியபோது அவர் சுவிட்சர்லாந்துக்குத் தப்பிச் சென்றார். மோதெனாவில் நடந்த அரசியல் வழக்குகளின் முறைகேடுகளை விளக்கி ஒரு நூல் எழுதினார். அதன்பின் அங்கும் தங்க இயலாமல் 1823இல் இலண்டன் வந்து சேர்ந்தார்.

அவ்வாண்டே அவர் இல்லாத நிலையில் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவரது உருவம் தூக்கிலிடப்பட்டது. அதற்கு ஆன செலவைக் கேட்டு மோதெனா அதிகாரிகள் அவருக்கே கணக்கு அனுப்பினர். பனிட்சியும் விடவில்லை. இறந்து போன பனிட்சியின் ஆவி மறுவுலகிலிருந்து எழுதுவது போல ஒரு நையாண்டி மடல் எழுதி அனுப்பினார்.

இங்கிலாந்தில்

இங்கிலாந்துக்கு வந்தபோது பனிட்சிக்கு ஆங்கிலம் தெரியாது. கையில் பணமும் இல்லை. இலண்டனில் ஏதிலியாக வாழ்ந்து வந்த இத்தாலியக் கவிஞர் ஊகோ போசுகோலோ, லிவர்ப்பூலில் இருந்த வரலாற்றாசிரியர் வில்லியம் ராஸ்கோவுக்கு அவரை அறிமுகம் செய்தார். லிவர்ப்பூலில் இத்தாலிய மொழி கற்பித்துப் பிழைத்தார் பனிட்சி. அங்கு வழக்கறிஞரும் அரசியல்வாதியுமான ஹென்றி புரூமின் நட்புக் கிடைத்தது. 1828இல் புதிதாகத் திறக்கப்பட்ட இலண்டன் பல்கலைக்கழகத்தில் (பின்னாளைய யூனிவர்சிட்டி கல்லூரி) இத்தாலிய மொழிப் பேராசிரியரானார். பதவி பெரிது, மாணவர் சிலரே, வருமானமும் அதற்கேற்றபடிதான். பொயார்தோ, அரியோஸ்தோ ஆகிய இத்தாலியக் கவிஞர்களின் காப்பியங்களை இக்காலத்தில் பதிப்பித்தார்.

புரூம் அமைச்சரவையில் இடம்பெற்ற பின்னர், 1831இல் பிரித்தானிய அருங்காட்சியக நூலகத்தில் கூடுதல் துணை நூலகர் என்னும் கீழ்நிலைப் பணி பனிட்சிக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு பிரித்தானியக் குடியுரிமையும் பெற்றார்.

அச்சு நூல்கள் பிரிவின் காப்பாளர்

1836இல் அருங்காட்சியகத்தின் நிலையை ஆராய நாடாளுமன்றம் ஒரு தேர்வுக்குழுவை அமைத்தது. பனிட்சி அதன்முன் ஐரோப்பிய நாடுகளின் நூலகங்களைப் பற்றிய செய்திகளை எடுத்து வைத்துச் சாட்சியம் அளித்தார். ஓர் ஏழை மாணவன் தன் அறிவு வேட்கையைத் தீர்த்துக்கொள்ளவும், எந்தக் கடினமான ஆய்வையும் மேற்கொள்ளவும், நூல்களைப் பொறுத்தவரை அந்நாட்டின் பெருஞ்செல்வனுக்கு உள்ள அதே வாய்ப்பைப் பெற வேண்டும் என்றும், அதற்கான செலவை ஏற்பது அரசின் கடமை என்றும் அவர் வாதிட்டார். பெரும்பாலான நூலகங்கள் செல்வர்களின் சேகரிப்பை நம்பியிருந்த காலத்தில் இது துணிவான கருத்து. பின்னாளில் அவர் நடத்திய போராட்டங்கள் அனைத்தும் இதிலிருந்தே தொடங்குகின்றன.

1837இல் அவர் அச்சு நூல்கள் பிரிவின் காப்பாளராக நியமிக்கப்பட்டார். அவரைவிடப் பணியில் மூத்தவரும் தாந்தேயின் காப்பியத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவருமான ஹென்றி பிரான்சிஸ் கேரிக்கு அப்பதவி கிட்டவில்லை. ஓர் அயல்நாட்டவர் ஆங்கிலேயரின் நூலகத்துக்குப் பொறுப்பாளரா என்று பலரும் முணுமுணுத்தனர். கையெழுத்துப் படிகள் பிரிவின் காப்பாளரான சர் பிரெடரிக் மேடனுக்கும் பனிட்சிக்கும் இடையே இருந்த பகை, இருவரும் ஓய்வு பெறும்வரை தீரவில்லை. மேடன் எழுதிய நாட்குறிப்புகளில் இவ்வெறுப்பு மிகுதியாகப் பதிவாகியுள்ளது.

91 விதிகள்

பொறுப்பாட்சியர்கள் பனிட்சியிடம் முதலில் கேட்டது நூல்களின் முழுமையான அச்சுப் பட்டியல். பட்டியலிடுவது எளிய வேலை என்பதே பலரின் எண்ணம். ஆனால் ஆசிரியர் பெயர் இல்லாத நூலை எந்த எழுத்தின்கீழ் வைப்பது? புனைபெயரில் எழுதியவரை எங்கே தேடுவது? ஒரு கழகமோ அரசோ வெளியிட்ட நூலுக்கு ஆசிரியர் யார்? ஆளுக்கொரு முறையைக் கையாண்டால் ஒரே நூல் மூன்று இடங்களில் பதிவாகும், அல்லது எங்கும் அகப்படாது. எனவே பனிட்சியும் அவருடைய உதவியாளர்களான தாமஸ் வாட்ஸ், ஜான் விண்டர் ஜோன்ஸ், எட்வர்ட் எட்வர்ட்ஸ், ஜான் பாரி ஆகியோரும் கலந்தாய்ந்து 91 விதிகளை வகுத்தனர். இவை 1841இல் ‘ஏ’ எழுத்துக்கான பட்டியலின் முதல் தொகுதியுடன் அச்சாயின.

அந்தத் தொகுதியுடன் அச்சுப்பணி நின்றுவிட்டது. காரணத்தைப் பனிட்சி முன்பே எச்சரித்திருந்தார். முழுப் பட்டியலும் கையெழுத்தில் முடியுமுன் ஒவ்வோர் எழுத்தாக அச்சிட்டால், பின்னால் கண்டெடுக்கப்படும் நூல்களுக்கும் புதிதாக வந்து சேரும் நூல்களுக்கும் அதில் இடமிராது. பொறுப்பாட்சியர்கள் அவசரப்படுத்தியதால் வெளிவந்த தொகுதி அவர் சொன்னபடியே குறைபாடுகளுடன் வெளிவந்தது.

இதற்கு மாற்றாகப் பின்னர் கையாளப்பட்ட முறை எளியது. ஒவ்வொரு நூலின் விவரத்தையும் தனித்தனித் தாள் துண்டில் எழுதி, பெரிய ஏடுகளில் இடைவெளி விட்டு ஒட்டினர். புதிய நூல் வந்தால் அதற்குரிய துண்டை உரிய இடத்தில் சேர்க்கலாம். இடம் போதாவிட்டால் ஒட்டிய துண்டுகளைப் பெயர்த்து வேறு தாளுக்கு மாற்றலாம். நூலகம் வளர்வதை ஒரு தொல்லையாகக் கருதாமல், வளர்ச்சிக்கு இடம் விட்டே பட்டியலை அமைத்தது இம்முறையின் சிறப்பாகும். முழுப் பட்டியலை அச்சிடும் வேலை பனிட்சி மறைந்த பின்னர் 1881இல்தான் தொடங்கியது.

நூல் வாங்கப் பணம்

பட்டியல் வேலையின்போதே நூலகத்தின் வறுமை வெளிப்பட்டது. பனிட்சி ஒவ்வொரு துறையாக, ஒவ்வொரு மொழியாகத் தரமான நூல்விவரத் தொகுப்புகளை எடுத்துவைத்து, அவற்றில் உள்ள நூல்களில் எவை அருங்காட்சியகத்தில் இல்லை என்று சரிபார்க்கச் செய்தார். குறைகளை விரிவாகத் தொகுத்து 1845இல் பொறுப்பாட்சியர்களிடம் அறிக்கை அளித்தார். வெறுமனே பணம் போதவில்லை என்று முறையிடாமல், எந்த அலமாரியில் என்ன இல்லை என்று காட்டியதே அவ்வறிக்கையின் வலிமை. அதன் விளைவாக நூல் வாங்குவதற்கு ஆண்டுக்கு 10,000 பவுண்டு வழங்க அரசு இணங்கியது. அக்காலத்தில் இது பெருந்தொகையாகும்.

பணம் வந்ததும் வாங்குதல் விரைவடைந்தது. பல மொழிகள் அறிந்த தாமஸ் வாட்ஸ், இங்கிலாந்தில் எவரும் கவனிக்காத உருசிய, அங்கேரிய நூல்களைத் தேடித் தெரிவு செய்தார். அமெரிக்க நூல்களை வெர்மாண்டைச் சேர்ந்த நூல் வணிகர் ஹென்றி ஸ்டீவன்ஸ் திரட்டித் தந்தார். ஒவ்வொரு நாட்டின் சிறந்த நூற்சேகரிப்பு அந்நாட்டிலேயே இருக்க வேண்டும், அதற்கு அடுத்த சிறந்த சேகரிப்பு இலண்டனில் இருக்க வேண்டும் என்பதே வாட்ஸும் பனிட்சியும் கொண்டிருந்த குறிக்கோள்.

நன்கொடைகளையும் பனிட்சி விட்டுவிடவில்லை. முதிய அரசியல்வாதியும் நூல் சேகரிப்பாளருமான தாமஸ் கிரென்வில்லுடன் அவர் கொண்டிருந்த நட்பின் பயனாக, 1846இல் கிரென்வில் இறந்தபோது அவரது 20,240 தொகுதிகளும் அருங்காட்சியகத்துக்கு வந்தன. விலங்குத் தோலில் அச்சிடப்பட்ட கூட்டன்பர்க் விவிலியமும் அவற்றுள் ஒன்று.

கட்டாய ஒப்படைப்பு

1842ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, வெளியாகும் ஒவ்வொரு நூலின் ஒரு படியையும் பதிப்பாளர்கள் அருங்காட்சியகத்துக்கு இலவசமாக அளிக்க வேண்டும். இலண்டனில் வெளியானால் ஒரு மாதத்துக்குள், நாட்டின் பிற பகுதிகளில் வெளியானால் மூன்று மாதங்களுக்குள், பேரரசின் ஏனைய பகுதிகளில் வெளியானால் பன்னிரண்டு மாதங்களுக்குள் என்று கெடு இருந்தது. ஏட்டில் இருந்த இச்சட்டத்தைப் பதிப்பாளர்கள் பலர் பொருட்படுத்தவில்லை. 1850இல் இதைச் செயல்படுத்தும் அதிகாரம் பனிட்சியிடம் ஒப்படைக்கப்பட்டது. முதலில் நினைவூட்டல் மடல்கள் அனுப்பினார். பயனில்லாதபோது வழக்குத் தொடுத்தார். வேல்சு, ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஆகிய பகுதிகளுக்கு நேரில் சென்றும் பதிப்பாளர்களைக் கண்டார். பெயர்பெற்ற பதிப்பாளரான ஹென்றி போன்கூட நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்டார். அயல்நாட்டான் எங்கள் பொருளைப் பறிக்கிறான் என்ற பேச்சு எழுந்தது. எனினும் ஒப்படைக்கப்படும் நூல்களின் எண்ணிக்கை கூடியது.

இந்தியாவில் இதனை ஒத்த ஏற்பாடு 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள் மற்றும் நூல்கள் பதிவுச் சட்டத்தால் உருவானது. அருங்காட்சியகத்தில் சேர்ந்திருந்த தமிழ் நூல்களுக்கு எல். டி. பார்னெட், ஜி. யு. போப் ஆகியோர் தொகுத்த தனிப் பட்டியல் 1909இல் வெளிவந்தது. தமிழ் அச்சு வரலாற்றை ஆராய்வோருக்கு அது பயன்படும் கருவிநூலாகும்.

எதிர்ப்புகள்

பனிட்சியின் எதிரிகளில் புகழ்பெற்றவர் எழுத்தாளர் தாமஸ் கார்லைல். பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றி எழுதுவதற்காக நூலகத்துக்கு வந்த அவர், அக்காலத்துத் துண்டு வெளியீடுகளுக்குச் சரியான பட்டியல் இல்லாமல் அல்லலுற்றார். உட்கார இடமின்றி ஏணியில் அமர்ந்து படிக்க நேர்ந்ததாகவும் குறைபட்டார். தனி அறை கேட்டார், பனிட்சி தரவில்லை. நூல்களை வீட்டுக்கு எடுத்துச் செல்ல வகைசெய்யும் இலண்டன் நூலகம் 1841இல் தோன்றியதற்குக் கார்லைலின் இம்மனக்குறையும் ஒரு காரணம். அவரது குறைகள் பொய்யல்ல. ஆயினும், அறிஞர் ஒருவருக்குத் தனிச்சலுகை தருவது பனிட்சி 1836இல் பேசிய கொள்கைக்கு ஒத்துவராது.

1847இல் அமைக்கப்பட்ட அரச ஆணைக்குழுவின்முன் கார்லைல் உட்படப் பலர் பனிட்சிக்கு எதிராகச் சாட்சியம் அளித்தனர். குழுவின் செயலாளரான ஜான் பெய்ன் காலியரே பனிட்சியின் பட்டியல் முறையை எதிர்த்தவர். அவர் சுருக்கமான விதிகளின்படி தாமே ஒரு மாதிரிப் பட்டியல் தயாரித்துக் காட்டினார். அதில் இருந்த பிழைகளை ஒவ்வொன்றாக விளக்கியதே பனிட்சி தரப்பின் வலுவான மறுமொழியாக அமைந்தது. 1850இல் ஆணைக்குழு பனிட்சிக்குச் சார்பாக அறிக்கை வெளியிட்டது.

பனிட்சி பழகுவதற்கு எளியவர் அல்லர். கீழ்ப்பணியாளர்களிடம் கண்டிப்பும் சினமும் காட்டினார். இங்கிலாந்தின் பொது நூலக இயக்க முன்னோடிகளில் ஒருவரான எட்வர்ட் எட்வர்ட்ஸ், 1850இல் அருங்காட்சியகப் பணியை இழந்ததும் அவருடன் ஏற்பட்ட பிணக்கினால்தான்.

வட்ட வாசிப்பறை

நூல்கள் பெருகியதால் அவற்றை வைக்க இடமில்லாமல் போனது. இடமில்லாதபோது வாங்குவதையும் குறைக்க வேண்டியிருந்தது. 1852 ஏப்ரலில் பனிட்சி தம் கையாலேயே ஒரு படம் வரைந்தார். அருங்காட்சியகக் கட்டடத்தின் நடுவே வெறுமையாகக் கிடந்த முற்றத்தில், நடுவில் வட்டமான வாசிப்பறை, அதைச் சுற்றி இரும்பாலான நூலடுக்குகள் என்பது அவரது திட்டம். கட்டடக் கலைஞர் சிட்னி ஸ்மெர்க் அதற்கு வடிவம் கொடுத்தார். 140 அடி விட்டமுள்ள குவிமாடத்துடன் 1857 மே மாதம் வாசிப்பறை திறக்கப்பட்டது. சுற்றியிருந்த இரும்பு அடுக்குகள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களைக் கொள்ளத்தக்கவை. நெருப்புக்கு அஞ்சித் தொடக்கத்தில் இங்கு செயற்கை விளக்குகள் வைக்கப்படவில்லை. பகலொளி மங்கினால் வாசகர் எழுந்துவிட வேண்டியிருந்தது.

இதற்குள் 1856இல் பனிட்சி முதன்மை நூலகர் பதவியை அடைந்திருந்தார். அவர் காப்பாளரானபோது ஏறத்தாழ 2,35,000 தொகுதிகளாக இருந்த அச்சு நூல்கள், அவர் அப்பொறுப்பை விட்டபோது ஏறத்தாழ 5,40,000 ஆகியிருந்தன.

இத்தாலிய விடுதலைக்கான உதவி

பிரித்தானிய அலுவலராக ஆன பின்னரும் பனிட்சி பிறந்த நாட்டை மறக்கவில்லை. கிளாட்ஸ்டன் உள்ளிட்ட அரசியல் தலைவர்களுடன் தமக்கிருந்த நட்பை இத்தாலிய விடுதலைக்குப் பயன்படுத்தினார். நேப்பிள்ஸ் அரசு சிறையிட்டிருந்த லூயிஜி செத்தெம்பிரினி முதலியோரைத் தீவுச் சிறையிலிருந்து மீட்க நிதி திரட்டி ஒரு நீராவிக் கப்பலையே வாங்கினார். 1855இல் அக்கப்பல் புயலில் மூழ்கியது. 1859இல் அக்கைதிகள் அமெரிக்காவுக்கு நாடு கடத்தப்பட்டபோது, செத்தெம்பிரினியின் மகன் மாறுவேடத்தில் கப்பலில் ஏறி, அதை அயர்லாந்துக்குத் திருப்பச் செய்தார். இலண்டன் வந்தவர்களைப் பனிட்சி வரவேற்றார்.

இறுதிக் காலம்

உடல்நலக் குறைவால் 1866இல் பனிட்சி ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் ஜான் விண்டர் ஜோன்ஸ் முதன்மை நூலகரானார். ஒன்றுபட்ட இத்தாலி 1868இல் அவரைச் செனட் உறுப்பினராக்கியது. 1869இல் பிரித்தானிய அரசு சர் பட்டம் வழங்கியது. திருமணம் செய்துகொள்ளாத அவர் அருங்காட்சியகத்தின் அருகே புளூம்ஸ்பரி சதுக்கத்தில் வாழ்ந்து, 1879 ஏப்ரல் 8 அன்று காலமானார். பிரெஞ்சு எழுத்தாளர் புரோஸ்பர் மெரிமே அவருக்கு எழுதிய மடல்கள் பின்னர் நூலாக வெளிவந்தன.

அவர் திட்டமிட்ட வட்ட அறை, பிரித்தானிய நூலகம் செயின்ட் பாங்கிராஸ் பகுதியில் புதிய கட்டடத்துக்கு மாறியதையொட்டி, 1997இல் நூலக வாசிப்பறையாக இயங்குவதை நிறுத்தியது. காரல் மார்க்ஸ் பல ஆண்டுகள் அமர்ந்து படித்தது இவ்வறையில்தான்.