தஞ்சைக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த ஜெர்மன் வாத்தியார்

தஞ்சாவூரில் ஆங்கிலப் பள்ளிக்கூடம் வைத்தவர் ஓர் ஆங்கிலேயர் அல்ல. ஆங்கிலம் அவருடைய தாய்மொழியும் அல்ல. அவர் ஒரு ஜெர்மானியர். பெயர் கிறிஸ்டியன் பிரெடெரிக் சுவார்ட்ஸ். அந்தக் காலத்தில் பாதிரிமாரை ஐயர் என்று அழைப்பது வழக்கம். அதனால் நம் மக்கள் அவரைச் சுவார்ட்ஸ் ஐயர் என்று அழைத்தார்கள்.

அவர் மொழிகளைச் சொல்லிக்கொடுத்தார். ஆனால் மக்கள் அவரிடம் கண்ட பெரிய செல்வம் மொழி அல்ல. சொன்ன சொல் தவறாத குணம்தான். அந்தக் குணம் ஒரு காலத்தில் தஞ்சைச் சீமைக்கே சோறு போட்டது!

கடல் கடந்து வந்தவர்

சுவார்ட்ஸ் 1726-ம் ஆண்டு அக்டோபர் 8-ந் தேதி பிரஷியா நாட்டில் சொன்னன்பர்க் என்ற ஊரில் பிறந்தார். அந்த ஊர் இப்போது போலந்து நாட்டில் இருக்கிறது. சிறு பிள்ளையாக இருக்கும்போதே தாயை இழந்தார்.

ஜெர்மனியில் ஹாலே நகரில் படித்தார். தமிழில் பைபிளை அச்சிடும் முயற்சி அங்கே நடந்தது. அதற்கு உதவுவதற்காகத் தமிழ் கற்கத் தொடங்கினார். தமிழ்நாட்டைக் கண்ணால் காணும் முன்பே தமிழ் எழுத்து அவருக்குப் பழக்கமாகிவிட்டது.

1750-ல் கப்பல் ஏறி வந்து, டென்மார்க் நாட்டாருக்குச் சொந்தமாயிருந்த தரங்கம்பாடியில் தங்கினார். வந்த நாலே மாதத்தில் தமிழில் பிரசங்கம் செய்தார். மராத்தி, பாரசீகம், இந்துஸ்தானி, போர்த்துக்கீசியம் என்று பல மொழிகளையும் பிறகு கற்றார்.

1762-ல் திருச்சிக்குப் போனார். அங்கே ஆங்கிலேயப் படை இருந்தது. அந்தச் சிப்பாய்களுக்குப் பிரசங்கம் செய்ய ஆங்கிலம் வேண்டியிருந்தது. முதலில் பிறர் எழுதி அச்சிட்ட பிரசங்கங்களை வாசித்துக் காட்டினார். பிறகு சொந்தமாகவே பேசப் பழகிக்கொண்டார். தாமே பாடுபட்டுக் கற்றவருக்கு மாணவனின் கஷ்டம் தெரியும் அல்லவா?

வாத்தியாரின் ஒரு நாள்

சுவார்ட்ஸ் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. திருச்சியில் ஒரு பழைய கட்டடத்தில் சிறிய அறை ஒன்றில் குடியிருந்தார். கட்டில் போட்டால் அவர் நிற்க மட்டுமே இடம் இருக்கும்! சாயம் போட்ட கறுப்புத் துணிதான் உடை.

காலையில் ஒரு பாத்திரத்தில் தேநீர். அதில் ரொட்டித் துண்டுகளைப் போட்டுச் சாப்பிடுவார். மற்ற வேளைக்கு நம்மைப் போலவே சோறும் காய்கறியும்தான். அதையே முக மலர்ச்சியோடு சாப்பிட்டதை அவரைப் பார்த்த ஆங்கிலேயர்கள் வியந்து எழுதிவைத்தார்கள்.

காலையில் தம் உதவியாளர்களை ஊர் ஊராக அனுப்புவார். பிறகு பிள்ளைகளுக்குப் பாடம் நடக்கும். மாலையில் வாசலில் உட்கார்ந்து, போய்வந்தவர்கள் சொல்வதைக் கேட்பார். 1778-ல் தஞ்சாவூருக்கே குடிவந்துவிட்டார். மன்னர் துளஜாஜி அவரிடம் மிகுந்த மதிப்பு வைத்திருந்தார்.

ஐதர் அலி கொடுத்த 300 ரூபாய்

1779-ல் சென்னைக் கவர்னர் அவரை மைசூர் மன்னர் ஐதர் அலியிடம் தூது அனுப்பினார். ஆங்கிலேயரை நம்பாத ஐதர், இந்தப் பாதிரியாரை மட்டும் நம்பினார். இவர் தம்மை ஏமாற்றமாட்டார் என்பது அவர் எண்ணம்.

சமாதானத் தூது பலிக்கவில்லை. திரும்பும்போது வழிச்செலவுக்கு என்று 300 ரூபாய் ஐதர் கொடுத்தார். சுவார்ட்ஸ் அதைத் தொடவில்லை. சென்னையில் கும்பினியாரிடம் ஒப்படைத்தார். அவர்கள், நீரே வைத்துக்கொள்ளும் என்றார்கள். அந்தப் பணத்தைத் தஞ்சாவூரில் அனாதைப் பிள்ளைகளின் ஆங்கிலப் பள்ளிக்கு முதல் நிதியாக வைத்தார் சுவார்ட்ஸ்.

ஆங்கிலேயரை எதிர்த்துப் போராடிய ஐதரின் பணம், ஆங்கிலப் பள்ளிக்கு அஸ்திவாரம் ஆயிற்று!

நெல் வந்த கதை

1780-ல் போர் மூண்டது. ஐதரின் படை சோழநாட்டில் புகுந்தது. வயல்கள் பாழாயின. காவிரி பாயும் நெல் களஞ்சியத்திலேயே ஜனங்கள் பசியால் தெருவில் விழுந்து இறந்தார்கள். நெல் மலிவாக இருந்தபோதே வாங்கிச் சேர்த்து வைத்திருந்த சுவார்ட்ஸ், அதை எடுத்துப் பசித்தவர்களுக்குச் சோறு போட்டார்.

கோட்டைக்குள் படைக்கும் உணவு இல்லை. கிராமங்களில் நெல் இருந்தது. ஆனால் அதை ஏற்றிவர மாடு கொடுக்கக் குடியானவர்கள் மறுத்தார்கள். முன்பு கொடுத்தவர்களுக்குச் சர்க்கார் கூலி தரவில்லை. மன்னர் சொல்லையும் நம்பவில்லை. கும்பினி சொல்லையும் நம்பவில்லை.

கடைசியில் சுவார்ட்ஸிடம் வந்தார்கள். அவர் ஊர்களுக்குக் கடிதம் எழுதினார். பணத்துக்குத் தாமே பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தார். இரண்டொரு நாளில் ஆயிரம் மாடுகள் வந்து சேர்ந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்தது! கொடுத்த வாக்குப்படி பணமும் பட்டுவாடா ஆயிற்று.

போர் முடிந்த பிறகும் துன்பம் தீரவில்லை. அதிகாரிகளின் கொடுமை தாங்காமல் குடியானவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். ஆற்றில் தண்ணீர் வந்தும் ஏர் பூட்ட ஆள் இல்லை. இனிக் கொடுமை நடக்காது என்று சுவார்ட்ஸ் உறுதி சொன்னார். ஒரே நாளில் 7,000 பேர் திரும்பி வந்தார்கள். பருவம் தப்பிப் போகாமல் இரவு பகலாக வேலை செய்தார்கள்.

மூன்று பள்ளிக்கூடங்கள்

அப்போது தஞ்சையில் கும்பினியின் பிரதிநிதியாக இருந்தவர் ஜான் சல்லிவன். ஊருக்கு ஊர் ஆங்கிலப் பள்ளி வைக்க வேண்டும் என்று அவர் திட்டம் போட்டார். நடத்தும் பொறுப்பு சுவார்ட்ஸுக்கு வந்தது. 1785-ஐ ஒட்டித் தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கை ஆகிய மூன்று ஊர்களிலும் பள்ளிகள் ஏற்பட்டன. 1787-ல் கும்பினியார் பள்ளி ஒன்றுக்கு ஆண்டுக்கு 250 வராகன் தர ஒப்புக்கொண்டார்கள்.

கும்பினிக்கு இதில் லாபம் உண்டு. கணக்கு எழுதவும், மொழிபெயர்க்கவும் ஆங்கிலம் தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். பிராமணப் பிள்ளைகளும் மராத்தியப் பிள்ளைகளும் அதிகமாகச் சேர்ந்தார்கள். பாதிரியார் நடத்தும் பள்ளி என்றாலும், சூது செய்து யாரையும் மதம் மாற்றமாட்டேன் என்று சுவார்ட்ஸ் உறுதி சொல்லியிருந்தார்.

இருட்டறையில் ஓர் இளவரசன்

துளஜாஜிக்குப் பிள்ளை இல்லை. 1787-ல் பத்து வயதும் நிரம்பாத சரபோஜியைத் தத்து எடுத்துக்கொண்டார். உயிர் பிரியும் முன் அந்தப் பிள்ளையின் கையைச் சுவார்ட்ஸிடம் ஒப்படைக்க விரும்பினார். ராஜ்ய பாரத்தைத் தாங்கத் தம்மால் ஆகாது என்று சுவார்ட்ஸ் மறுத்தார். மன்னரின் தம்பி அமர்சிங்கிடம் பொறுப்பு போயிற்று.

அமர்சிங் தாமே அரசரானார். சரபோஜியோ அடைபட்டுக் கிடந்தான். அவன் இருந்த இடத்தில் பகல் வெளிச்சம்கூட இல்லை; விளக்கு வெளிச்சம்தான். சுவார்ட்ஸ் சும்மா இருக்கவில்லை. கும்பினிக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். பையனுக்குக் கல்வி கிடைக்க வழி செய்தார். 1793-ல் சரபோஜியைச் சென்னைக்குப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கே கெரிக்கே என்ற பாதிரியாரிடம் பாடம் தொடர்ந்தது.

அரியணைக்குச் சரபோஜியே உரியவர் என்று கும்பினி கடைசியில் ஒப்புக்கொண்டது. 1798-ம் ஆண்டு ஜூன் மாதம் அவர் முடிசூடினார். ஆனால் அதைப் பார்க்க ஆசிரியர் இல்லை. அதே ஆண்டு பிப்ரவரி 13-ந் தேதி, 71-வது வயதில் சுவார்ட்ஸ் காலமாகிவிட்டார்.

சரபோஜி வரும்வரை அடக்கம் நிறுத்திவைக்கப்பட்டது. அவர் வந்து ஆசிரியரின் முகத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்டார். பொன்னாடை போர்த்தினார். கல்லறை வரைக்கும் கூடவே போனார். கல்லறைக் கல்லுக்கு ஆங்கிலத்தில் தாமே கவிதை எழுதினார். ஆசிரியர் காட்டிய மொழியிலேயே மாணவர் செலுத்திய அஞ்சலி அது!

பிறகு இங்கிலாந்தின் பெயர்பெற்ற சிற்பி பிளாக்ஸ்மனிடம் சொல்லிப் பளிங்குச் சிலை செய்வித்தார். படுக்கையில் கிடக்கும் சுவார்ட்ஸின் கையைச் சரபோஜி பற்றிக்கொண்டிருப்பதை அதில் காணலாம். தஞ்சை சிவகங்கைக் கோட்டையில் உள்ள சுவார்ட்ஸ் கோவிலில் அது இருக்கிறது.

சரபோஜி மதம் மாறவில்லை. தம் குலத்தின் வரலாற்றைப் பெரிய கோவில் சுவரில் மராத்தியில் வெட்டிவைத்தவர் அவர். சரசுவதி மகால் நூல் நிலையத்தில் பல மொழி நூல்களையும் ஏடுகளையும் சேர்த்தவரும் அவரே. சுவார்ட்ஸ் வைத்த பள்ளியின் வழியில் வந்த தூய பேதுரு பள்ளி தஞ்சாவூரில் நிலைத்து நிற்கிறது.

மொழியைப் பலர் சொல்லிக்கொடுக்கலாம். வாத்தியார் சொல்லை நம்பி ஆயிரம் மாடுகளை அவிழ்த்துக் கொடுக்க ஒரு நாடே முன்வந்தது என்றால், அது எளிதில் கிடைக்கும் பேர் அல்ல!